பக்கத்துப் பலகை

இரண்டு கைகள் நெஞ்சளவு உயரத்தில் காற்றில் நின்றன. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளிப் பிடித்து, ஒரு நெல்லளவு இடப்பக்கம் நகர்த்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தன. மறுபடி பிடித்து, அரை நெல்லளவு வலப்பக்கம் தள்ளின. இடது கை கீழே இறங்கி, இல்லாத ஒரு பலகையின் விளிம்பைத் தடவி, உயரம் சரிதானா என்று பார்த்தது. அந்த இடத்தில் உண்மையில் இருந்தவை சுருட்டி வைத்த ஒரு பாயும் பிளாஸ்டிக் ஸ்டூலும்தான். கைகளுக்கு உரியவளின் முகத்தில் பாதியைக் கறுப்புக் கண்ணாடிப் பெட்டி மூடியிருந்தது. மீதிப் பாதி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரகடம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டு முடித்து வந்த கணவன், சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றான்.

“உள்ள வரலாமா?”

“சுவத்த ஒட்டி வாங்க.”

ஒட்டித்தான் வந்தான். பாதி வழியில் நின்றான். “இப்ப நான் எங்க நிக்கிறேன்?”

“தறிக்குழிக்குள்ள.”

விக்னேஷ் காலைத் தூக்கி வைத்து, இல்லாத குழியிலிருந்து ஏறி, ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. முதல் வருஷங்களில் தரை முழுக்க கிராஃப் தாள் விரித்திருக்கும். தாளை மிதிக்காமல் நடக்கக் கற்றவனுக்குக் காற்றை மிதிக்காமல் நடப்பது பெரிய காரியமில்லை.

செவிலிமேட்டில் அந்தத் தெருவில் ஜீவிதா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில் வரும். கம்ப்யூட்டர் வேலை என்பார்கள், வீடியோ கேம் என்பார்கள். ஜன்னல் வழியே பார்த்துவிட்ட எதிர்வீட்டுக்காரர்கள், அது ஏதோ புதுவகை யோகாசனம் என்று முடிவுகட்டி, முதுகுவலிக்கு ஆகுமா என்று ஒருமுறை வந்து விசாரித்தும் போனார்கள்.

அவள் புடவைக்கு டிசைன் போடுகிறவள். பிள்ளையார்பாளையத்தில் அவள் அப்பா ஜக்கார்டு தறிகளுக்கு அட்டை குத்துகிறவர். படம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக ஏறும். கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் ஓட்டை விழும் அல்லது விழாது. அதைப் பார்த்துத் தறியில் நூல் எழும்பும். பன்னிரண்டு வயதில் ஜீவிதா ஓர் ஓட்டையைத் தவறவிட்டாள். புடவை நெடுக நூற்று நாற்பது அன்னங்கள் வந்தன. ஒன்றுக்கும் கண் இல்லை. நெய்தவர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, “இத்தினி குருட்டு அன்னத்தையும் பெத்த மகராசி யாரு?” என்று தெருவில் நின்று கேட்டார். அன்றிலிருந்து அவள் எதையும் மூன்று தடவை எண்ணாமல் விடுவதில்லை. கல்யாணத்தன்று தாலி முடிச்சையும் எண்ணினாள் என்று விக்னேஷ் சொல்வான். அவள் மறுத்ததில்லை.

மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் விஆர் கண்ணாடி அவளிடம் வந்தது ஒரு பட்டுக்கடையால். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தபடியே கடைக்குள் நடக்க வேண்டும் என்று கடைக்காரர் ஆசைப்பட்டார். இவளும் செய்து கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் உள்ளே நடந்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், புடவையைத் தொடக் கையை நீட்டினார்கள். கை புடவைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. “துணி இவ்ளோ மெல்லிசா?” என்று ஓர் அம்மா கேட்டதோடு திட்டம் முடிந்தது. கண்ணாடியைக் கடைக்காரர் அவளிடமே விட்டுவிட்டார்.

மென்பொருளை அவள் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். பொத்தானை எங்கே அழுத்துவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருந்தார்கள். எதை எங்கே வைத்தால் பார்ப்பவர் மனசு அசையும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சினிமா என்றால் காட்டுகிற இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இதில் அப்படியில்லை. நீங்கள் முன்னால் தேர் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். பார்ப்பவர் பின்னால் திரும்பி, சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே அவள் ஒரு நோட்டுப் போட்டாள். இந்த விஷயங்களுக்கு அவளிடம் சொற்கள் இல்லை. புடவைச் சொற்களையே எடுத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘நீ இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறாய்’ என்று ஓரத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பது கரை. அதிகம் ஒன்றும் நடக்காமல் கண்ணை இளைப்பாற விடுவது உடல். ஒரே ஒரு தடவை, கடைசியில் விரிவது முந்தானை. “எல்லாரும் முந்தானைய முதல்லயே விரிச்சிடறாங்க” என்பது அவள் பார்த்த படைப்புகளில் முக்கால்வாசியைப் பற்றிய தீர்ப்பு. மனிதக் கழுத்தையும் அளந்து வைத்திருந்தாள். பின்னால் ஒரு குரல் கேட்டால் விக்னேஷ் திரும்ப இரண்டு நொடி ஆகும். அது மாமியார் குரல் என்றால் ஒரு நொடி.

போன ஆடி மாதம் ஏஞ்சல் போன் செய்தாள். இவளோடு பள்ளியில் படித்தவள், ஊருக்கு நடுவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ்.

“ஜீவி, உன் பொட்டிய எங்க பேஷண்ட் ஒருத்தருக்கு மாட்டிப் பாக்கலாமாடி?”

“எதுக்கு?”

“குந்த மாட்டேங்குறாரு. நாலு மணி நேரம் மெஷின்ல இருக்கணும். ரெண்டரை மணி நேரம் ஆனா போதும், அவுத்து வுடு அவுத்து வுடுன்னு ஒரே ரகளை. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாரு. ஒடம்புல தண்ணி அப்படியே நிக்குது. இப்படியே போனா ஒரு நாள் மூச்சு நின்னுடும்னு டாக்டர் அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. ‘நிக்கட்டும் சார், வூட்ல போய் நிக்கட்டும்’ங்கறாரு.”

அவர் பெயர் வேலாயுதம். ஐம்பத்தாறு வயது, நெசவாளர். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு மெஷினோடு இணைத்தால் பத்து மணி வரை இருக்க வேண்டும். எட்டரைக்கு எழுந்துவிடுவார். டாக்டர் கண்ணாடிக்குச் சம்மதித்தார். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், பிறகு கால் மணி நேரம் ஓய்வு, ஊசி ஏறியிருக்கிற இடது கை அசையவே கூடாது என்று நிபந்தனை போட்டார்.

ஜீவிதா ஒரு மாதம் உழைத்து, பாலாற்றைச் செய்தாள். இரு கரையும் தொட்டு ஓடுகிற ஆறு, செவிலிமேட்டுப் பாலத்தடியில் விடிகிற நேரம், கொக்கு, நாணல், நீரின் ஓசை. மாட்டிய உடனே வேலாயுதம் வாயைத் திறந்தார்.

“யாரும்மா பாலாத்துல இவ்ளோ தண்ணி வுட்டது?”

“நல்லா இருக்குதா மாமா?”

“நல்லாத்தான் இருக்குது. ஒரு நாளைக்கு எனக்கு முக்கா லிட்டர்தான் குடிக்கணும்னு சொல்லிக்கிறாங்க. நீ ஆத்தையே கொண்டாந்து வாய்க்கு நேரா வுட்டுட்டு, நல்லா இருக்குதான்னு கேக்குற.”

அடுத்த கட்டிலில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மெஷின் சத்தம் போட்டது. ஏஞ்சல் ஓடினாள். ஜீவிதா நோட்டில், ‘உடுத்துகிறவர் யாரென்று தெரியாமல் நெய்யாதே’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

உடுத்துகிறவர் நெசவாளர். எனவே இரண்டாம் முறை தறி. குழித்தறி, ஓட்டுக்கூரை, மேலே ஜக்கார்டுப் பெட்டி, நெடுக ஓடும் பாவு நூலில் அரக்குச் சிவப்பு, கரையில் மாம்பழ மஞ்சள். நெசவாளர் உட்காரும் இடத்தில் அவரை உட்கார வைத்தாள். வேலாயுதம் கழுத்தை நீட்டிக் கரையையும் உடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கோர்வைதானே?”

“ஆமா மாமா.”

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்து, இழைக்கு இழை கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை. ஒருவரால் முடியாது. நெய்கிறவர் நடுவில் இருப்பார். பக்கத்துப் பலகையில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டு ஓடுகிற கட்டையான நாடாவை வாங்கி வீசிக்கொண்டே இருக்க வேண்டும்.

“அந்தாண்ட பலகையில ஆளக் காணமே?”

“ஆள் இல்ல மாமா. நாடா தானா வரும்.”

“தானா வருமா?” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷமா என் பொண்டாட்டி குந்துன எடம்மா அது. தானா வருதாம். இத அவகிட்ட சொல்லிடாத, எனக்குச் சோறு போடமாட்டா.”

அன்றும் எட்டரைக்கு எழுந்து போனார்.

காஞ்சிபுரத்தில் பிறந்து, கோர்வைத் தறிக்கு டிசைன் போட்டுப் பிழைக்கிறவள், பக்கத்துப் பலகையைக் காலியாக விட்டிருக்கிறாள். குருட்டு அன்னங்களுக்குப் பிறகு அவள் செய்த பெரிய தவறு இதுதான். நான்கு நாள் கண்ணாடியைத் தொடவில்லை. விக்னேஷ் ஆறுதல் சொல்ல நினைத்து, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தத் தறியில் உட்கார்ந்து பார்த்தான்.

“நல்லாத்தானே இருக்குது? ஆனா ஒண்ணு ஜீவி. அந்த நாடா ஆளே இல்லாம வருது பாரு, அதப் பாத்தா பேய் வூடு மாதிரி இருக்குது.”

அந்த ஆறுதலோடு ஐந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளையார்பாளையத்தில் வேலாயுதம் வீட்டுக்குப் போனாள். அவர் மெஷினில் இருந்த நேரம். தறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து நெய்தது அவர் மனைவி கிருஷ்ணம்மாள். பக்கத்துப் பலகையில் பக்கத்து வீட்டுப் பெண்.

“நீங்க நெய்வீங்களா அத்தை?”

“இத்தினி வருஷம் பக்கத்துல குந்திப் பாத்துட்டு, நெய்ய வராம போவுமா? அவரு மெஷினுக்குப் போற நாள்ல தறி எனுது.”

“பக்கத்துப் பலகையில வேலை ரொம்பக் கஷ்டமோ?”

“வேலை இன்னாமா வேலை. ஒரு கை போதும். வந்தா வாங்கு, திருப்பி வீசு. எழுந்திருக்க முடியாது பாரு, அதான் ரோதன. பக்கத்து ஆளு எழுந்தா தறி நின்னுடும். இடுப்பு நோவுதுன்னா, ‘இந்த முழம் முடியட்டும் கிச்சா’ம்பாரு. ஒண்ணுக்குப் போவணும்னா, ‘இந்த முழம் முடியட்டும்’. எந்த முழம்மா முடிஞ்சிருக்குது?”

ஜீவிதா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஒரு கை போதும். எழுந்திருக்க முடியாது.

இதுவரை அவள் பார்ப்பவரை எப்போதும் நடுவில்தான் உட்கார வைத்திருக்கிறாள். அது கடைப் பழக்கம். வாடிக்கையாளருக்கு நடு நாற்காலி, மின்விசிறிக்குக் கீழே. நடுவில் உட்கார்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ‘நீ இல்லாவிட்டால் இங்கே வேலை நடக்காது’ என்று ஓர் இடம் சொன்னால் மட்டும் எழ முடியாது.

“அத்தை, நீங்க நெய்யறத நான் எடுக்கணும். மாமாவ பக்கத்துப் பலகையில குந்த வெக்கப் போறேன்.”

“யார? அவரையா? எனக்குப் பக்கத்துலயா?” கிருஷ்ணம்மாளின் கையில் இருந்த நாடா நழுவிக் குழிக்குள் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “எப்பம்மா எடுக்கணும்? இன்னிக்கே எடு.”

மறுநாள் ஜீவிதா, எல்லாப் பக்கமும் ஒருசேரப் பிடிக்கிற உருண்டை கேமராவைப் பக்கத்துப் பலகையில், வேலாயுதத்தின் கண் உயரத்தை அளந்து நிறுத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் கீழே குனிந்து ஒளிந்து, கையை மட்டும் நீட்டி நாடாவை வீசினாள். அவர் வாலாஜாபாத்துக்கு நூல் விஷயமாகப் போயிருந்தார். கிருஷ்ணம்மாள் கல்யாணப் பட்டு உடுத்தி, முழப் பூ வைத்து வந்து நின்றாள். திருப்பி அனுப்பி, தினமும் கட்டுகிற சேலையைக் கட்டச் சொல்ல வேண்டியிருந்தது. அது தொல்லையில்லை. கேமராவைப் பார்த்ததும் அவள் பேச்சு ரேடியோ ஆகிவிட்டது.

“வாருங்கள். தாங்கள் தயவுசெய்து நாடாவை வீசுங்கள்.”

“அத்தை, மாமாகிட்ட இப்படியா பேசுவீங்க?”

“மெஷினு பாக்குதேம்மா.”

“மெஷின்னு நெனைக்காதீங்க. மாமான்னு நெனைங்க.”

“அவரு இவ்ளோ நேரம் வாய மூடிக்கினு இருப்பாரா? நீயே சொல்லு.”

அன்று முழுக்க ‘தாங்கள்’தான். சனிக்கிழமை காலையும் ‘தாங்கள்’. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வெளியில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மாள் நிமிர்ந்தாள். வாசல், கேமராவுக்கு நேர் பின்னால்; வாசலைப் பார்த்தால் கேமராவைப் பார்த்தது போலவே இருக்கும். கையில் பஞ்சு ஒட்டியபடி வேலாயுதம் படியேறினார்.

“யோவ், இன்னா அதுக்குள்ள வந்துட்ட?”

“முடிச்சிட்டாங்க.”

“மணி ஒம்போதுதான் ஆவுது. யாரு முடிச்சது? அவங்க முடிச்சாங்களா, நீ முடிச்சியா? போன மாசம் மூச்சு வாங்கிக்கினு இதே படியில சாஞ்சியே, தெருவே தூக்கிக்கினு ஓடிச்சே, மறந்துட்டியா? இருபத்திரண்டு வருஷம் என்ன எழுந்திருக்க வுட்டியா நீ? நீ மட்டும் பாதியில எழுந்து வருவியா?”

“விருந்தாளி இருக்குது, கத்தாத” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கிருஷ்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடாவை எடுத்தாள். அதன் பிறகு கேமரா இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. காலியான பலகையைப் பார்த்து மளமளவென்று திட்டிக்கொண்டே நெய்தாள். இரண்டு நாளில் ஜீவிதாவுக்குத் தேவையானதைப் போல நான்கு மடங்கு சேர்ந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். வாசலைப் பார்த்துத் திட்டிய அந்தத் திட்டுதான் எல்லாவற்றிலும் உயர்ந்த சரக்கு. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த விக்னேஷே தானாக நேராக நின்றான். அதை அவள் வெட்டிவிட்டாள். பயந்துபோன குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டால், மனுஷன் முதலில் கண்ணாடியைத்தான் கழற்றுவார். அவள் வைத்துக்கொண்டது திட்டு தொடங்குவதற்கு முந்தின ஒன்றரை நொடியை. ஆட்டோ சத்தத்துக்கு நிமிர்ந்த கிருஷ்ணம்மாளின் கண், வருகிறவரைக் காலிலிருந்து முகம் வரை ஒருதரம் பார்க்கிறது. முழுசாக வந்துவிட்டாரா என்று சரிபார்க்கிறது. பிறகுதான் கோபம் ஏறுகிறது.

இதுதான் முந்தானை. ஒரே தடவைதான் வர வேண்டும். முதல் இருபது நிமிஷத்தின் கடைசியில் வைத்தாள்.

மற்றதெல்லாம் உடல். முன்பு செய்திருந்த தறிக்குள் கிருஷ்ணம்மாளின் படத்தைப் பொருத்தினாள். நாடா வரும், வேலாயுதம் வலது கையால் வீச வேண்டும். வீசாவிட்டால் தறி நிற்கும், கிருஷ்ணம்மாள் திரும்பிப் பார்ப்பாள். அதற்கு அவளுடைய பார்வைகளில் பதினொன்றைப் பொறுக்கி, லேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசை வைத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு துணி ஏறுமோ அவ்வளவுதான் ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டாள். ஒரு விரற்கடை அதிகம் ஏறினாலும் அந்த ஆள் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்துப் பலகை நடு இருக்கையைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வந்த விக்னேஷைத் தறிக்குழியில் நிறுத்திவைத்து அவள் நெல் நெல்லாக நகர்த்திக்கொண்டிருந்தது அந்தப் பலகையைத்தான்.

கொடுப்பதற்கு முந்தின நாள் கிருஷ்ணம்மாளுக்கு மாட்டிக் காட்டினாள். திட்டுகிற இடங்களில் கிருஷ்ணம்மாள் தலையாட்டி ரசித்தாள். கடைசியில் ஆட்டம் நின்றது.

“இது நானா?”

“நீங்கதான் அத்தை.”

“இப்படியா பாக்கறேன்?”

“எடுத்துடட்டுமா?”

கிருஷ்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “திட்டெல்லாம் அப்படியே இருக்குதுல்ல?”

“இருக்குது.”

“அப்ப இதுவும் இருந்துட்டுப் போவட்டும்.”

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை.

“சிஸ்டர், போதும். அவுத்து வுடு.”

“ஜீவிதா வந்துக்கினு இருக்குது பாருங்கப்பா. இருபது நிமிஷம் பாத்துட்டுப் போங்க” என்றாள் ஏஞ்சல்.

“இன்னிக்கு ஆறா, தறியா?”

“உங்க தறி மாமா” என்று ஜீவிதா கண்ணாடியை மாட்டிவிட்டாள். வேலாயுதத்தின் தலை இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

“இன்னாம்மா, எடம் மாத்திக் குந்த வெச்சிட்ட?”

கண்ணாடியின் காதோரத்திலிருந்து சன்னமாகக் குரல் வந்தது. “இன்னா வேடிக்க? நாடா வருது பாரு.”

அவர் கை அசையவில்லை. ஜீவிதா மடிக்கணினியில் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் பார்வை, இரண்டு, மூன்று. ஏழாவதில் வலது கை எழும்பி வீசியது.

“மெதுவா. கரை தொளதொளன்னு ஆவுது.”

“எனக்கே சொல்றியா நீ?” என்று வேலாயுதம் உரக்கக் கேட்டதில் அடுத்த கட்டில்காரர் விழித்துக்கொண்டார். ஏஞ்சல் ரத்த அழுத்தம் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கை வாங்கியது, வீசியது. நடுவில் ஒருதரம், “இந்த முழம் முடியட்டும்” என்று காதோரக் குரல் சொன்னபோது, வேலாயுதம், “அடிப்பாவி” என்றார்.

பத்தொன்பதாம் நிமிஷத்தில் கை பாதியில் நின்றது. எந்த இடம் என்று ஜீவிதாவுக்குத் தெரியும். ஏஞ்சல் நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினாள். அவர் துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்தார்.

“உள்ள ஒரே வேர்வ” என்றார், ஏசி அறையில்.

கால் மணி நேர ஓய்வில் அவர் மெஷினையே பார்த்தபடி படுத்திருந்தார். ஜீவிதாவும் மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதில் ஒரு தவறு தெரிந்தது. தறியில் தொங்குகிற கயிற்றின் நிழல், வாசல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் விழாமல் வெளிச்சத்தைப் பார்த்தே விழுந்திருந்தது. மூன்று தடவை எண்ணியும் எப்படி விட்டாள்?

“சிஸ்டர், இன்னும் எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி நேரந்தாம்ப்பா. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“மெஷின யாரு கேட்டா? அந்தக் கண்ணாடிக்கு எவ்ளோ நேரம்?”

ஏஞ்சல் ஜீவிதாவைப் பார்த்தாள். “அதுக்கு ரெண்டு நிமிஷம்.”

“மாமா, ஒரு நிழல் தப்பா விழுந்திருக்குது. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. வூட்டுக்குக் கொண்டு போய் சரி பண்ணி, வியாழக்கிழமை கொண்டாந்து தரேன்.”

“வியாழக்கிழமையா?” வேலாயுதம் வலது கையை நீட்டினார். “அதுவரைக்கும் அவ அங்க நாடாவ வெச்சிக்கினு தனியா குந்தியிருப்பாளா? சாணுல கால்வாசிகூட ஆவல. குடும்மா இப்படி.”

ஜீவிதா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷமும் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடியை இரண்டு கைகளாலும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.